அழுத்தம் அதிகமா? எதைவிட அதிகம்?

மாணவர்களே, ஒரு விசைப்படகின் பெட்ரோல் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இயந்திரம் மெதுவாக ஓடும்போது அது 240 கிலோபாஸ்கல் காட்டுகிறது. வேகத்தைக் கூட்டியதும் முள் 360-க்கு ஏறுகிறது. இது கோளாறா? "அழுத்தம் ஏறிவிட்டது, குறைத்துவிடலாம்" என்று அவசரப்பட்டால் நல்ல இயந்திரத்தை நாமே கெடுத்துவிடலாம். ஏன் என்று பார்ப்போம். படிவம் 5 இயற்பியலில் வரும் அழுத்தப் பாடமே இதற்குப் போதும்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

எங்கள் தம்போய் அருகே ஓடும் ஸ்கூடாய் ஆறு ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. அந்தக் கரையோரத்தில், பின்புறம் இயந்திரம் தொங்கும் படகுகளைப் பார்க்கலாம். சாதாரண இயந்திரம் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் உள்ள இயந்திரத்தில், இயந்திரத்தின் சுழற்சியாலேயே இயங்கும் ஒரு காற்றமுக்கி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மெர்குரி நிறுவனம் 2004-இல் அறிமுகப்படுத்திய வெராடோ வகைப் படகு இயந்திரங்கள் இத்தகையவை. காற்று கூடினால் ஆக்சிஜன் கூடும். அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும்.

முக்கியமான எண் எது?

எரிபொருளைக் காற்றுக்குழாயினுள் தெளிப்பது இன்ஜெக்டர். அதன் ஒரு பக்கம் எரிபொருளின் அழுத்தம், மறுபக்கம் காற்றின் அழுத்தம். எரிபொருள் எவ்வளவு பாயும் என்பதை இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே முடிவு செய்கிறது.

இந்த வேறுபாட்டை மாறாமல் வைத்திருப்பது ரெகுலேட்டரின் வேலை. காற்றுக்குழாயிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் ரெகுலேட்டருக்கு வரும். காற்றழுத்தம் ஏறினால் எரிபொருள் அழுத்தத்தையும் அது ஏற்றும், இறங்கினால் இறக்கும். மிஞ்சிய எரிபொருளைத் திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கு அனுப்பிவிடும்.

வேறுபாடு 300 கிலோபாஸ்கலாக அமைக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு அளக்கிறோம்:

• சாவி திருப்பப்பட்டு, பம்ப் மட்டும் ஓடும்போது: காற்று 0, எரிபொருள் 300.
• மெதுவாக ஓடும்போது: காற்று –60, எரிபொருள் 240.
• முழு வேகத்தில்: காற்று +60, எரிபொருள் 360.

மூன்றிலும் வேறுபாடு 300-தான். ஆகவே, தொடக்கத்தில் நாம் பார்த்த 360 கோளாறு அன்று. அதை 300-க்கு இறக்கினால் வேறுபாடு 240 ஆகிவிடும். பாயும் அளவு, வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். √(240/300) = 0.89, அதாவது சுமார் 11 விழுக்காடு எரிபொருள் குறையும். காற்று மிகுந்து எரிபொருள் குறைந்த கலவை, முழுச் சுமையில் தாறுமாறாக வெடித்து எரியக்கூடும். பிஸ்டனே உருகிச் சேதமாகலாம்.

உண்மையிலேயே அதிகமானால்?

வேறுபாடு 300-ஐத் தாண்டினால்தான் உண்மையான மிகை அழுத்தம். அப்போது எரிபொருள் தேவைக்கு மேல் பாயும். கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், பெட்ரோல் கசிந்து மசகு எண்ணெயில் கலக்கும். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு முன், மூன்று நிலைகளிலும் அளந்து பார்ப்பதே அறிவியல் வழி.

முதலில் அழுத்தமானி சரியா என்று வேறொரு மானியால் சோதிக்க வேண்டும். அடுத்து ரப்பர் குழாய். அது கழன்றிருந்தால் ரெகுலேட்டருக்குக் காற்றுக்குழாயின் நிலை தெரியாது. மூன்று நிலைகளிலும் 300 என்றே காட்டும். மெதுவாக ஓடும்போது அது 60 அதிகம். முழு வேகத்திலோ 60 குறைவு!

மூன்று நிலைகளிலும் வேறுபாடு ஒரே அளவு கூடியிருந்தால், ரெகுலேட்டரின் அமைப்பு மாறியிருக்கலாம் அல்லது பொருத்தமற்ற ரெகுலேட்டர் பொருத்தப்பட்டிருக்கலாம்.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். எனவே இச்சோதனையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் செய்ய வேண்டும். சரியான அளவு எது என்பதை அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் பார்க்க வேண்டும். நம் வேலை, கிடைத்த எண்களை வைத்துச் சிந்திப்பது.

முயன்று பாருங்கள்

அதே இயந்திரம் இன்னொரு நாள் இப்படிக் காட்டுகிறது: பம்ப் மட்டும் ஓடும்போது 380, மெதுவாக ஓடும்போது 315, முழு வேகத்தில் 365. கோளாறு எங்கே? விடையைப் படிக்குமுன் வேறுபாடுகளைக் கணக்கிடுங்கள்.

விடை: வேறுபாடுகள் முறையே 380, 375, 305. இயந்திரம் எரிபொருளைக் குறைவாகச் செலவிடும்போதுதான் மிகை அழுத்தம் தோன்றுகிறது. அந்நேரங்களில் திரும்பு குழாயில் அதிக எரிபொருள் ஓடும். முழு வேகத்தில் பெரும்பகுதி எரிந்துவிடுவதால் திரும்பி ஓடுவது குறைவு. எனவே திரும்பு குழாய் நசுங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் மட்டும் அளந்திருந்தால் இந்த அடைப்பு நம் கண்ணில் பட்டிருக்காது.