தானியங்கி கேட் முரண்டு பிடித்தால்...

பக்கவாட்டில் ஓடும் தானியங்கி கேட் பாதியில் நின்றுவிட்டதா? மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரோடு கொடுத்த சாவியால் அதன் பிடியை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். லேசாக ஓடினால் கேட்டில் கோளாறு இல்லை. முக்கி முனகித் தள்ள வேண்டியிருந்தால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் பாருங்கள். ஒரு ஜல்லிக்கல் போதும், கேட்டை நிறுத்த!

எங்கள் வீட்டு கேட் ஒருநாள் மூட வந்து வந்து திரும்பத் திறந்துகொண்டே இருந்தது. தூணில் இருக்கும் சென்சாரின் கண்ணாடியில் சிலந்தி வலை. துடைத்ததும் சரியாகிவிட்டது.

கேட்டின் அடியில் உள்ள பல்பட்டைக்கு கிரீஸ் பூச வேண்டாம். மணல் ஒட்டிக்கொண்டு பற்களைத் தேய்த்துவிடும். பிரஷ்ஷால் துடைத்தாலே போதும். பட்டைக்கும் மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கேட்டைத் தாங்கும் சக்கரம் தேய்ந்து கேட் இறங்கினால், இந்த இடைவெளி போய் எடை மோட்டார் மேல் விழும்.

மழைக்கு முன் கண்ட்ரோல் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைகளை சிலிகானால் அடையுங்கள். எறும்பும் பல்லியும் புகுந்தால் போர்டு ஷார்ட் ஆகிவிடும்.

மாதம் ஒருமுறை, மூடிக்கொண்டிருக்கும் கேட்டின் பாதையில் சென்சாரை மறைப்பதுபோல் அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். கேட் அதைத் தொடாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சரிசெய்யும்வரை கையால் மட்டுமே திறந்து மூடுங்கள். குழந்தைகள் ஓடும் வாசல் அது.