கழுத்துக்கும் ஒரு என்ட்ரி போடுங்கள்

காலை ஏழரை மணிக்கு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் நின்று பாருங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் அகலமான புதுப் பாலம் வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்களின் அவசரம் மட்டும் குறையவில்லை. முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் அடிக்க, பின்னால் வருகிற ஓட்டோ ‘டொக்’கென்று முட்டும். இரத்தம் இல்லை, சிராய்ப்புக்கூட இல்லை. “பறவாயில்ல தம்பி, நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு நேரே அலுவலகத்தில் போய்க் கையெழுத்து வைக்கிறோம். மறுநாள் விடியத்தான் கழுத்து திரும்ப மறுக்கும்.

விப்லாஷ் காயத்தின் குணமே அதுதான். இடிபட்டதும் இருக்கை உடம்பை முன்னே தள்ளும், தலை பின்தங்கும், அடுத்த நொடியே முன்னால் வீசப்படும். கழுத்துத் தசையும் நாரும் இழுபடும். ஓட்டோவின் பின்சீட்டில் தலையைத் தாங்க ஒன்றுமில்லை. ஹெல்மெட்டும் கழுத்துக்குக் கொஞ்சம் பாரம்தான். அதற்காக அதைக் கழற்றிவிடாதீர்கள், உயிரைக் காப்பது அது.

வலி பிந்தித்தான் தெரியும்; எனவே முதல் நாளே செய்ய வேண்டியது, எழுத்தில் பதிவது. பொலிஸில் ஒரு என்ட்ரி போடுங்கள். வலி தொடங்கியதும் வைத்தியசாலைத் துண்டில் ‘கழுத்து வலி’ என்று ஏறட்டும். மேலதிகாரிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2022 திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. கடமையில் காயப்படும் அரச ஊழியருக்குத் தாபனக் கோவையில் விபத்து லீவு தனியாக உண்டு. ஆனால் ஒரு வாரம் கழித்து வாயால் சொல்கிற வலியை நம்ப எந்த அலுவலகமும் தயங்கும்.

கை விறைக்கிறதா, பிடி தளர்கிறதா, நடை தள்ளாடுகிறதா, வாந்தி வருகிறதா, கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே வலிக்கிறதா? அப்படியானால் மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இடப்பக்கமும் வலப்பக்கமும் பாதியளவாவது தலையைத் திருப்ப முடியாதவரும், 65 வயது தாண்டியவரும் எக்ஸ்றே பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் படுக்கையில் கிடக்காதீர்கள். கழுத்துப் பட்டி மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் இருப்பது பழைய வைத்தியம். அது தசையை இன்னும் இறுக்கிவிடும். ஓரிரு நாள் வலி மாத்திரை, ஒத்தடம். வலி அனுமதிக்கும் அளவுக்கு நாளில் பல தடவை தலையை மெல்லத் திருப்புங்கள். சலூனில் தலை மசாஜ் முடிவில் கழுத்தை ‘டக்’கென்று முறிப்பார்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்குத் திரும்பலாம், ஆனால் வேலையைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். கணினித் திரை கண்மட்டத்துக்கு வரட்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்குவதும் ஹெல்மெட்டுக்குள் செருகுவதும் நிற்கட்டும். படுவான்கரையில் தலையில் நெல் மூட்டை சுமப்பவர், வாவியில் வீச்சு வலை எறிபவர் சில வாரம் அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். கூலி வேலையில் அது இலகுவல்ல என்று தெரியும்; எனினும் கேட்காமல் கிடைக்காது.

“எக்ஸ்றே நல்லாத்தானே இருக்கு, நடிக்கிறார்” என்று சொல்லும் மேலாளரும் உண்டு. இந்தக் காயம் பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. அதேநேரம், 1996இல் லான்செட் இதழில் வந்த லித்துவேனிய ஆய்வையும் சொல்ல வேண்டும். அப்போது நட்டஈடு கேட்கும் பழக்கம் அரிதாக இருந்த அந்த நாட்டில், பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை ஒன்று முதல் மூன்று வருடங்கள் கழித்து விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு நீண்டகாலக் கழுத்து வலி அதிகமில்லை. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பயமும் வழக்கும் வலியை நீட்டும் என்பதே நான் எடுத்துக்கொள்வது.

பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். மூன்று மாதம் தாண்டியும் வலி, தலைச்சுற்று, தூக்கமின்மை தொடர்ந்தால் கிளினிக்கில் பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டோக்காரருக்கு ஒரு சோதனை போதும்: பின்னால் பார்க்கக் கழுத்துக்குப் பதிலாக முழு உடம்பும் திரும்புகிறதென்றால், சாவியை இன்னும் சில நாள் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.