பங்காளிக்கு வைத்த விஷம்

அன்புள்ள தம்பிக்கு,

புளியஞ்சோலையிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. "பாக்டீரியா விஷம் காய்ச்சினால் அதுதானே முதலில் சாகணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரம் அப்படித்தான் சாகிறது. சொல்கிறேன்.

நம் குடலில் இருக்கும் ஈ.கோலை, தன் இனத்துக்காரனையே கொல்லும் என்பதை 1925-இல் பெல்ஜியத்தில் ஆந்த்ரே கிராசியா கண்டார். அந்த விஷத்துக்குக் கோலிசின் என்ற பெயர் பிற்பாடு வந்தது. இது முழுக்கப் பங்காளிச் சண்டை. ஒரே சோறு, ஒரே இடம். வேற்றினத்தானைவிடப் பங்காளிதான் பெரிய தொல்லை. வீட்டு வாசலும் ஒன்றுதான். பி12 வைட்டமினை உள்ளே வாங்க ஈ.கோலையின் மேல்தோலில் ஒரு வழி உண்டு. கோலிசின் ஈ9 அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது.

செய்தவன் பாடு? விஷத்தின் மரபணுவை ஒட்டியே காப்புப் புரதத்தின் மரபணுவும் இருக்கிறது. விஷம் உருவாகும்போதே ஐஎம்9 என்ற அந்தப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. வெட்டும் வாயை அது அடைப்பதில்லை; பக்கத்தில் உட்கார்ந்து, டிஎன்ஏவை அண்டவிடாமல் செய்கிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஈ2 என்ற இன்னொரு கோலிசினுக்கான காப்புப் புரதமும் ஈ9-ஐப் பிடிக்கும்; ஆனால் அந்தப் பிடி பல லட்சம் மடங்கு தளர்ச்சி. பூட்டுக்குச் சாவிபோல, பொருத்தம் அவ்வளவு குறிப்பானது.

ஆனாலும் விஷத்தை வெளியே விட, செய்தவன் வெடித்துச் சாகத்தான் வேண்டும். டிஎன்ஏ அடிபட்டு நெருக்கடி வந்தால் கூட்டத்தில் சிலர் மட்டும் அப்படிப் போகிறார்கள். அதே மரபணுக்களை வைத்திருக்கும் உடன்பிறப்புகளிடம் ஐஎம்9 தயாராக இருப்பதால் அவை பிழைக்கின்றன, பங்காளிகள் காலி.

அய்யாற்றுப் பாறையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தீர்கள் என்றால், தயிர்சோற்றிலும் இதன் சாயல் உண்டு. பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸில் சில வகைகள் நிசின் என்ற விஷம் செய்கின்றன. அது எதிரியின் சவ்வில் ஓட்டை போடும். செய்தவை சாவதில்லை. அவற்றின் சவ்வில் ஒரு புரதம் நிசினைத் தடுத்துப் பிடிக்க, சவ்வில் ஒட்டியதை ஒரு பம்பு வெளியே தள்ளுகிறது. ஈ.கோலையிடம் இது செல்லாது, அதன் மேல்தோல் தடுத்துவிடும்.

துறையூர்க் கடையில் பாக்கெட் சீஸ் கிடைத்தால் பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். 234 என்று போட்டிருந்தால், அது நிசின்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்