அண்டங்காக்கை கொத்திய இடம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் அப்பா போனில் சொன்னபோது இவ்வளவு வருத்தம் இருக்கும் என்று தெரியவில்லை. உன் வாட்ஸ்அப் செய்தியைப் படித்த பிறகுதான் புரிந்தது. கருந்துளைகளை ஆராயத்தான் புனே வரை போனாய். கைடு உன்னை ஈர்ப்பு அலை டிடெக்டரின் இரைச்சலைக் கவனிக்கும் வேலையில் போட்டுவிட்டார். "கூட இருக்கிறவங்க எல்லாம் பிரபஞ்சத்தைப் பார்க்கிறாங்க, நான் மட்டும் குப்பை பொறுக்குறேன் பெரியப்பா" என்று எழுதியிருந்தாய். அந்தக் 'குப்பை' என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை. போனில் பேசினால் "சரி பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

2017 ஆகஸ்ட் 17-ஆம் தேதி நடந்ததை உன் துறையில் எல்லோரும் சொல்லுவார்கள். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதின, அந்த ஈர்ப்பு அலை லைகோவுக்கு வந்தது, 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்தது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இப்படி உண்டாகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். லைகோவுக்கு ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் என்று இரண்டு டிடெக்டர்கள். அன்று தானாகத் தேடும் நிரல் ஹான்ஃபோர்டு தரவில்தான் சமிக்ஞையைப் பிடித்தது. லிவிங்ஸ்டனிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. மோதலுக்கு ஒரு நொடிக்குச் சற்று முன்னால் அங்கே ஒரு பெரிய கிளிட்ச், அதாவது திடீர் இரைச்சல், வந்து விழுந்திருந்தது. 'இது கெட்ட தரவு' என்று நிரல் அந்த இடத்தையே ஒதுக்கிவிட்டது.

ஆட்கள் உட்கார்ந்து லிவிங்ஸ்டன் வரைபடத்தைத் திறந்து பார்த்தார்கள். கிளிட்ச் நிற்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும், தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி வளைந்து மேலேறும் கோடு கண்ணுக்கே தெரிந்தது. அந்த மாதிரிக் கிளிட்ச் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று முன்பே பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு, இத்தாலியின் விர்கோ டிடெக்டரையும் சேர்த்து, சுமார் 5 மணி நேரத்தில் வானத்தில் எந்தப் பகுதி என்று வரைபடம் அனுப்பினார்கள். அந்தப் பகுதி சுமார் 30 சதுர டிகிரிதான். அன்று இரவே சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. கிளிட்சை அறிந்தவர்கள் இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தொலைநோக்கிக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. நீ பொறுக்குகிற குப்பை அதுதான் அம்மா.

ஹான்ஃபோர்டில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அதே 2017 கோடையில் தரவில் காரணம் தெரியாத சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. ஒருவர் மைக்ரோபோன் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். யாரோ தட்டுவது போன்ற சத்தம். எழுந்துபோய் நேரில் பார்த்தார். டிடெக்டரின் ஒரு கையின் முனையில், வெற்றிடத்துக்காகத் திரவ நைட்ரஜன் பயன்படுத்தும் அமைப்பின் குழாய் மேல் பனி உறைந்திருந்தது. அந்தப் பனியில் அலகு கொத்திய தடங்கள். பாலைவன வெயிலில் தாகம் எடுத்த அண்டங்காக்கைகள் அதைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. 4 கிலோமீட்டர் நீளத்தில் புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு மாறினாலும் கண்டுபிடிக்கிற கருவிக்கு, ஒரு காக்கையின் தாகமும் எட்டிவிடுகிறது. அவர் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தால் அந்தக் காக்கையைப் பார்த்திருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்.

என் வாழ்க்கையிலும் ஒன்று உண்டு, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் நடுங்கியது. மூன்று வாரம் குறித்தேன். அறை வெப்பநிலையோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டேன். ஏதோ புதிதாகக் கண்டுவிட்டேன் என்றே நம்பினேன். கட்டுரை எழுத உட்கார்ந்த அன்று, அங்கே இருபது வருஷமாக வேலை பார்த்த அட்டெண்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அது கூட்ஸ் வண்டி போற நேரம் சார்" என்றார். மூன்று வாரமும் அவர் அந்த அறையில்தான் இருந்தார். நான் ஒருமுறைகூட அவரைக் கேட்கவில்லை. வண்டியைக் கண்டுபிடிக்காததைவிட அவரைக் கேட்காததுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. லிவிங்ஸ்டனிலும் பக்கத்தில் ஓடும் ரயிலைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே, ஆபரேட்டர்கள் எழுதும் பதிவேட்டைத் தினமும் படி. எந்த மோட்டார் ஓடியது, எங்கே காற்று பலமாக அடித்தது, யார் எந்தக் கதவைத் திறந்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள்.

லைகோவுக்கு அடித்தளம் போட்ட ரெய்னர் வைஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய 1972-ஆம் ஆண்டு அறிக்கையை நீ படித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். எம்.ஐ.டி. ஆய்வகத்தின் காலாண்டு அறிக்கையில்தான் அது வந்தது, பெரிய ஆய்விதழில் வரவில்லை. லேசரால் ஈர்ப்பு அலையை அளக்கலாம் என்ற யோசனையைச் சொல்லிவிட்டு, அந்த மனிதர் முக்கியமாகச் செய்த வேலை என்ன தெரியுமா? எந்தெந்த இரைச்சல் குறுக்கே வரும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டதுதான். நில அதிர்வு, கண்ணாடியின் வெப்ப அதிர்வு, லேசரின் ஏற்ற இறக்கம், குழாயில் மிஞ்சிய வாயு, கண்ணாடியின் மேல் ஒளியே கொடுக்கும் அழுத்தம். எம்.ஐ.டி.யில் படிப்பைப் பாதியில் விட்டு, அங்கேயே ஒரு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து, பிறகு திரும்பப் படித்தவர் அவர். அதனால்தான் கருவியை ஒரு கைவேலைக்காரனின் கண்ணால் பார்த்தார் என்று நான் நம்புகிறேன். 2017-இல் பாரிஷ், தோர்ன் இருவரோடும் நோபல் பெற்றார். 2025 ஆகஸ்டில் காலமானார். இந்தத் துறையே ஒரு இரைச்சல் பட்டியலிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்து ஜோசஃப் வெபர். அவரைப் பற்றி உன் நண்பர்கள் சிரித்துக்கொண்டே பேசினால் நீ சேராதே. மேரிலாந்தில் அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, யாரும் நினைத்தே பார்க்காத காலத்தில் ஈர்ப்பு அலையைத் தேடத் தொடங்கியவர். 1969-இல் கண்டுவிட்டேன் என்றார். மற்றவர்கள் உருளைகள் செய்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. இன்னொரு குழுவின் தரவோடு தன் தரவு பொருந்துகிறது என்று சொன்னார். பார்த்தால் இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு நேர மண்டலத்தில் ஓடியிருந்தன, 4 மணி நேர வித்தியாசம். அந்த வித்தியாசத்தோடும் அவருக்குப் பொருத்தம் தெரிந்தது. இதை நீ ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைக்கலாம். நாம் மிகவும் விரும்புகிற ஒன்று நம் கண்ணுக்குத் தெரிந்தே தீரும்.

ஆனால் இரண்டு கருவிகளைத் தொலைவில் வைப்பது, ஒன்றின் நேரத்தை வேண்டுமென்றே நகர்த்தித் தற்செயல் பொருத்தம் எத்தனை வருகிறது என்று எண்ணுவது, இவை அவர் பயன்படுத்திய வழிகள்தான். 2015 செப்டம்பர் 14-இல் வந்த முதல் சமிக்ஞையை 16 நாள் தரவை அப்படி நகர்த்தி நகர்த்தித்தான் சோதித்தார்கள். அப்படி ஒன்று தற்செயலாக வர 2,03,000 ஆண்டுக்கும் மேலாகும் என்று அதனால்தான் சொல்ல முடிந்தது. வெபர் 2000-இல் போய்விட்டார். தோற்ற மனிதர் கொடுத்த வழியை வைத்துத்தான் அம்மா அவர்கள் வென்றார்கள்.

அந்த முதல் சமிக்ஞையை ஜெர்மனியின் ஹனோவரில் முதலில் கவனித்த இளைஞர் மார்கோ டிராகோ. இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, யாரோ சோதனைக்காகப் போட்டதாக இருக்கும் என்றுதான் நினைத்தார். சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து லிவிங்ஸ்டன் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. 2010-இல் ஒரு பொய்ச் சமிக்ஞையை ரகசியமாகச் செலுத்தி, ஆராய்ச்சியாளர்கள் கட்டுரையே எழுதி முடித்த பிறகு, 2011 மார்ச்சில் உறையைப் பிரித்து உண்மையைச் சொன்னார்கள். அத்தனை மாத உழைப்பும் பயிற்சிதான் என்று தெரிந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஆனாலும் அதற்கு அடுத்த நாள் வேலைக்கு வந்தவர்கள்தான் 2015-இல் தயாராக இருந்தார்கள்.

பெயர் வராது என்பது உன் இன்னொரு கவலை. முதல் கண்டுபிடிப்புக் கட்டுரையில் சுமார் ஆயிரம் பேர் அகர வரிசையில் இருக்கிறார்கள். கண்ணாடியைத் தொங்கவிடும் கண்ணாடி இழையை இழுத்தவரும் அதில் உண்டு, சமன்பாட்டைத் தீர்த்தவரும் உண்டு. தனியாக ஒளிர வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்தத் துறை உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆறு மாதம் இந்த வேலையைச் செய்து பார். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் கைடிடம் நேராகப் போய்ச் சொல். அதில் அவமானம் ஒன்றுமில்லை. செய்து பார்க்காமல் சொல்லாதே, அவ்வளவுதான்.

ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் லைகோ இந்தியா வரப்போகிறது. 2023-இல் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தக் கருவி ஓடத் தொடங்கும்போது அதன் இரைச்சல் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் இன்னும் தெரியாது. ஹான்ஃபோர்டுக்குக் காக்கை, லிவிங்ஸ்டனுக்கு ரயில். ஔண்டாவுக்கு எது? மழைக்காலத்து இடியா, கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரா? அதை முதலில் கண்டுபிடிக்கப்போகிறவர்கள் இப்போது உன் வயதில்தான் இருக்கிறார்கள்.

அங்கே போக வாய்ப்பு வந்தால் ஒரு நாள் முழுக்க அந்த நிலத்தில் நட. பக்கத்து ஊர்க்காரர்களிடம் எந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்கும் என்று கேள். குறித்து வைத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பெரியம்மா உனக்குப் பருப்புப் பொடி செய்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும்.

அன்புடன்,
பெரியப்பா