அரசு செலவு செய்தால் நம் ஊர் வளருமா?



2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயை அரசாங்கம் செலவு என்று எழுதும். நம்ம ஊருக்கு அது வரவு. அதில் 500 ரூபாயை ஊர்க் கடையிலேயே செலவு பண்ணினால், கடைக்கார அக்கா 250 ரூபாய்க்கு நம்மிடம் நண்டு வாங்குவார். இப்படியே பாதி பாதியாகச் சுற்றினால், எல்லாருடைய வரவையும் கூட்டினால் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் ஆகிவிடும்! பொன்னேரி பஜாருக்குப் போனால் அந்தச் சுற்று அங்கேதான் நடக்கும்.

இன்னொரு வகைச் செலவும் இருக்கு. பழவேற்காடு முகத்துவாரம் மண் மூடினால் கடல்தண்ணி ஏரிக்குள் வராது, இறால் குஞ்சும் வராது. பாடு வலைக்காரருக்கும் நஷ்டம், கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கும் நஷ்டம். மண்ணை அள்ளினால் கூலி கிடைக்கும், ஆனால் அலை திரும்பவும் மூடிவிடும். அதனால்தான் சுமார் 27 கோடி ரூபாயில் இருபுறமும் கல் சுவர் கட்டும் திட்டத்தை அரசு எடுத்தது. வழி திறந்தே இருந்தால் பருவத்துக்குப் பருவம் வருமானம். சுவர் நிற்காவிட்டால் கடலில் போட்ட காசுதான்.

இந்தப் பணம் யாருடையது? சோப்பு வாங்கும்போது நாம் கொடுக்கிற வரியும் அதில் இருக்கு, அரசு வாங்கிய கடனும் இருக்கு. கடனுக்கு வட்டி உண்டு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். வலை வாங்க எடுத்த கடனையும் விசேஷத்துக்கு எடுத்த கடனையும் நம் குழுவில் ஒரே மாதிரியா பார்க்கிறோம்?

அடுத்த குழுக் கூட்டத்தில், நம் ஊராட்சியில் போன வருஷம் அரசுப் பணத்தில் நடந்த வேலைகளை எழுதுங்கள். எது ஒருமுறைக் கூலி, எது தொடர் வருமானம் என்று பிரியுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.