பிள்ளைகளை இணைக்கும் வகுப்பு



நம் பிள்ளைகளின் பாடம் இப்பொழுது கைப்பேசி வழியாகவும் வீடு வந்து சேருகிறது. இது நன்மையா தீமையா என்ற விவாதம் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் நடந்து வருகிறது. அது நடக்கட்டும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் கூடிக் கற்பதற்கு இச்சாதனம் எவ்வாறு உதவும் என்ற விஷயத்தை மட்டும் இங்கே ஆராய்வோம்.

விஞ்ஞான சாதனங்கள் வகுப்பறைக்குள் நுழைவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1966-இல் பள்ளி வானொலி வந்தது. 1972 ஜூன் 19-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டும் பெரிய உபகாரம் செய்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டி பேசும், பிள்ளை கேட்கும். பிள்ளை பேசினால் பெட்டி கேளாது. 2011-இல் சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையமும் கற்றல் தளமும் வழங்க 1பெஸ்தாரிநெட் என்னும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அத்தளத்தை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் மிகச் சொற்பமாகவே பயன்படுத்தினர் என்று 2013-ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வு அறிக்கை குறை கூறியது. 2019-இல் திட்டம் முடிவுற்றது. கருவி பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அதில் கூடிச் செய்வதற்கு ஒரு வேலை அமையவில்லை என்பதே என் எண்ணம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் மாதம் கல்வி அமைச்சு ‘டெலிமா’ என்னும் தளத்தைத் திறந்தது. ஆனால் அமைச்சு எடுத்த கணக்கின்படி 36.9 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் எந்த மின்கருவியும் இல்லை. 2021-இல் தொடங்கிய ‘செர்டிக்’ திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கென 1,50,000 கருவிகள் ஒதுக்கப்பட்டன. கைப்பேசி இருந்த வீட்டிலும் கஷ்டம் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. வாப்பா மஸ்ஜித் இந்தியாவில் கடையிலோ பிரிக்பீல்ட்ஸில் உணவகத்திலோ வேலை செய்கிறார். கைப்பேசி அவர் சட்டைப்பையில் இருக்கிறது. வகுப்போ காலை ஒன்பது மணிக்கு! அந்தப் பிள்ளை வருகைப் பட்டியலில் ‘வரவில்லை’.

பிள்ளைக்குப் பிள்ளை கற்றுக்கொடுப்பது நம்மவர்க்குப் பழைய வழக்கம். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தம் பள்ளியிலும் அவ்வாறு செய்து, பெரிய மாணவர் சிறியவர்க்குச் சொல்லித்தரும் முறையை வகுத்தார். 1797-இல் அதை இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பரவிற்று. அதற்கு மணலும் விரலும் போதுமாயிருந்தன.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு கூடும் கிள்ளான் ஆறு, பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடி, ஷா ஆலம், கிள்ளான் வழியே சென்று மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் நீளம் சுமார் 120 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஐந்தாம் வகுப்பும் கிள்ளானில் ஓர் ஐந்தாம் வகுப்பும் இரண்டு வாரம் மழைக் கணக்கு எழுதட்டும். பக்கம் நேராக உள்ள ஒரு தகர டப்பாவும் அளவுகோலும் போதும். அடுக்குமாடியில் குடியிருப்போர்க்கு டப்பா வைக்க இடமிராது. அவர்கள் பள்ளித் திடலில் வைக்கலாம். ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளை அனுப்புதல் கூடாது. நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகா இணையத்தில் வெளியிடுகிறது. ஆசிரியர் அதை எடுத்துத் தரலாம். இரு வகுப்பாரும் ஒரே பொதுப்பட்டியலில் எழுத வேண்டும்.

கோலாலம்பூரில் கொட்டிய மழை கிள்ளானில் எத்தனை மணி நேரம் கழித்துத் தெரிகிறது? மழையே இல்லாத நாளிலும் கிள்ளானில் ஆறு ஏறி இறங்குவது ஏன்? இரண்டாவது கேள்விக்குப் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளை திகைப்பான். கடல் வற்றும், பெருகும் என்பதைக் கிள்ளான் பிள்ளை சொல்வான். ஒருவனிடம் இல்லாதது மற்றவனிடம் இருக்கிறது. ஆகவே கேட்டுத்தான் ஆகவேண்டும். 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, ஜனங்கள் கூரை மேல் ஏறி நின்றதை இப்பிள்ளைகளில் பலர் வீட்டில் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு இது வெறும் பூகோளப் பாடமாயிராது.

இத்தகைய பாடத்திற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் திரைமுன் உட்காரத் தேவையில்லை. பட்டியலை இரண்டு நாள் திறந்து வைத்தால், கைப்பேசி இல்லாத பிள்ளை நோட்டில் எழுதிய கணக்கைத் தோழன் ஏற்றிவிடலாம். பெயர் மட்டும் எழுதியவனுடையதாக இருக்கவேண்டும். புலனக் குழுவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் போடும் வழக்கத்தை ஆசிரியர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். நாற்பது வீட்டார் பார்க்க ஒரு பிள்ளையின் தோல்வியைத் தொங்கவிட்டால், மறுநாள் அவன் வாய் திறப்பானா? ஆசிரியர் அவனுடைய கேள்விக்கு அன்றே ஒரு வரி குரல்பதிவில் பதில் தரட்டும். இரவு பத்து மணிக்கு வாப்பா கடையடைத்து வந்ததும் அவன் கேட்டுக்கொள்வான். கைப்பேசியைக் கால்மணி நேரம் அவனிடம் விட்டுவைப்பது வாப்பாவின் பொறுப்பு.