எண்ணூர்க் கழிமுகமும் பல்துறை உரைகளும்

கேள்வி: பல துறைப் பேராசிரியர்கள் ஓர் அரங்கில் உரையாற்றுவதால் திருவொற்றியூர்ப் பக்கத்து மக்களுக்கு என்ன பயன்?

பதில்: பல்துறை உரை என்பது ஒரே சிக்கலை வெவ்வேறு துறையினர் ஆராய்ந்து, ஒருவர் முடிவை மற்றவர் கேள்விக்கு உட்படுத்தும் அரங்காகும். பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தென்சென்னை அடையாற்றில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் பொருளியலையும் வரலாற்றையும் சமூகவியலையும் அவ்வாறு ஒருங்கே வைத்தது. எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, அலையாத்தி வேர்களில் ஒட்டிய கசடை வேதியியலாளர் அளக்கலாம், மீனவரின் வருவாய் இழப்பைப் பொருளியலாளர் கணக்கிடலாம். ஆனால் படகும் வலையுமின்றிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினர் தம் இழப்பை மெய்ப்பிக்க எந்த ஆவணத்தைக் காட்டுவர் என்பது சமூகவியலாளர் எழுப்ப வேண்டிய வினா. இத்தகைய உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே, அதுவும் தென்சென்னையிலேயே நிகழ்வது பெருங்குறை. வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் தமிழில் நடத்தினால், எண்ணூர் மீனவரே எழுந்து எதிர்க்கேள்வி கேட்பர்.